கூலன்ட் ஒழுகும் காரில் ஸ்டாப் லீக் ஊற்றும் முன்: மலையேறும் வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து கேரளத்துக் குமுளிக்கோ, போடியிலிருந்து பூப்பாறைக்கோ அடிக்கடி கார் ஏற்றுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் முக்கியமாக, செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய சில மாதங்களிலேயே கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவதைப் பார்த்து முழிப்பவர்களுக்கு. யாரிடம் கேட்டாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “ஒரு ஸ்டாப் லீக் பாட்டில் ஊத்துங்க, சரியாயிடும்.” கூலன்ட்டோடு கலந்து ஓட்டையை அடைக்கும் மருந்துதான் ஸ்டாப் லீக். சில ஒழுகல்களுக்கு அது சரியாகத்தான் வேலை செய்கிறது. பலவற்றுக்குச் செய்யாது. சிலவற்றில் இருக்கும் கோளாறை இரண்டாக்கிவிடும். எது எது என்று பட்டறை பட்டறையாக அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஒழுகுவது கூலன்ட்தானா?

ஏ.சி. போட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினால் வண்டிக்கு அடியில், முன்சீட்டுப் பக்கம், தரையில் தண்ணீர் சொட்டும். நிறமும் வாசனையும் இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்தால் கவலை வேண்டாம். கூலன்ட் பச்சை, சிவப்பு, ரோஸ், நீலம் என்று ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். தொட்டால் பிசுபிசுக்கும், லேசாக இனிப்பு வாடை அடிக்கும். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டைப்பெட்டியை விரித்துப் போடுங்கள். காலையில் எந்த இடத்தில் கறை, எவ்வளவு பெரிய கறை என்று அதுவே காட்டிவிடும்.

அளவைப் பார்ப்பது எப்போதும் காலையில், இஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது, சமதரையில். சூடாக இருக்கும்போது மட்டம் ஏறித்தான் காட்டும். நல்ல வண்டியில் வருடம் முழுவதும் மட்டம் கொஞ்சம்தான் இறங்கும். மாதாமாதம் ஊற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று, வண்டி ஹீட் ஆவது வேறு, ஒழுகுவது வேறு. ஃபேன் ஓடாவிட்டாலும், தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) திறக்காவிட்டாலும், ரேடியேட்டர் உள்ளே உப்புப் படிந்து அடைத்திருந்தாலும் ஒரு சொட்டு ஒழுகாமலேயே சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகும். அந்த நிலையில் ஸ்டாப் லீக் ஊற்றினால் ஏற்கெனவே அடைத்திருப்பதை இன்னும் அடைப்பீர்கள், அவ்வளவுதான்.

2. எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. ஸ்டாப் லீக் வாங்கும் காசில் பாதியை இதற்குச் செலவழித்தால், பெரும்பாலும் அந்தப் பாட்டிலே தேவைப்படாது.

மூடியிலிருந்து தொடங்குங்கள். ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கும். பல கார்களில் மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும்; எத்தனை பார் அழுத்தம் வரை அது பிடித்து நிற்கும் என்பதற்கான எண் அது. ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள். 150 முதல் 500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே எண் உள்ள மூடிதான் வாங்க வேண்டும். “இதுவும் சேரும்” என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை நம்பாதீர்கள்.

அடுத்து ஹோஸ்களும் கிளிப்புகளும். ஹோஸ் முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது ஹோஸைக் கையால் அமுக்குங்கள்: விறைத்துப்போய் நொறுங்குவதுபோல் இருந்தாலும், கொழகொழவென்று உப்பியிருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. கிளிப் சில பத்து ரூபாய், ஹோஸ் சில நூறு ரூபாய், மாற்றுவதற்கு ஒரு மணி நேரம். இதற்குப் போய் ஸ்டாப் லீக் ஊற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு வாட்டர் பம்ப். நம் பட்டறைகளில் வாட்டர் பாடி என்பார்கள். அதன் அடியில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் போனால் கூலன்ட் அந்தத் துளை வழியாகத்தான் வடியும். சீல் தேய்ந்தது தேய்ந்ததுதான். பம்ப்பையே மாற்ற வேண்டும். சின்ன கார்களுக்குப் பாகம் மட்டும் ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துச் சில்லறை வரை ஆகும். டைமிங் பெல்ட்டோடு சேர்ந்து ஓடும் பம்ப் என்றால் கூலி கூடும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

இப்போதைய கார்களில் ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரண்டு ஓரத்திலும் உள்ள தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பிலோ பிளாஸ்டிக் விரிசலிலோ ஒழுகினால் எந்தத் திரவமும் அதை நிறுத்தாது. எம்-சீல் பசை பூசினால் ஊருக்குப் போய்ச் சேரலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அலுமினியப் பகுதியில் ஊசித்துளை அளவுக்குக் கசிவு, அங்கேதான் ஸ்டாப் லீக்குக்கு வேலை.

வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது என்றால் அதுதான் பயப்பட வேண்டிய ஒழுகல். ஆயில் மூடியின் அடியில் காபிப் பால் நிறத்தில் நுரை, சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகை, இஞ்சின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழ் குமிழாக வருவது — இவையெல்லாம் ஹெட் கேஸ்கட் (இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போனதன் அடையாளங்கள். பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் இஞ்சினுக்குத் திரும்ப அனுப்பும் புகையை ஆற்றும் ஈ.ஜி.ஆர். கூலர் உள்ளே ஓட்டையானாலும் இப்படித்தான் கூலன்ட் காணாமல் போகும். முன்சீட்டுக் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் பிசுபிசுப்பாக நனைந்து, கண்ணாடியில் எண்ணெய்ப் பசை போலப் படலம் வந்தால் காருக்குள் சூடான காற்றுத் தரும் குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோரைச் சந்தேகப்படுங்கள்.

கண்ணால் பிடிபடவில்லை என்றால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மூடிக்குப் பதிலாகக் கைப்பம்ப் ஒன்றை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் எண் வரை காற்றடித்து, கால் மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். இறங்கினால் எங்கிருந்து வடிகிறது என்று அப்போதே கண்ணில் படும். 200 முதல் 500 ரூபாய் வரை கேட்பார்கள். ஹெட் கேஸ்கட் சந்தேகம் இருந்தால் பிளாக் டெஸ்ட் என்று தனியாக உண்டு: ரேடியேட்டர் வாயில் நீல திரவம் உள்ள குழாயை வைப்பார்கள். அது மஞ்சளாக மாறினால் இஞ்சின் புகை கூலன்ட்டுக்குள் வருகிறது என்று பொருள். இந்தக் கருவி எல்லாப் பட்டறையிலும் இருக்காது. போனில் கேட்டுவிட்டுப் போங்கள்.

3. மலைக்கும் ஒழுகலுக்கும் என்ன சம்பந்தம்?

“கம்பத்துக்குள்ள ஓட்டும்போது ஒண்ணுமில்ல, குமுளி ஏறும்போதுதான் பாயில் ஆகுது” என்று சொல்லாத ஆள் இங்கே கிடையாது. காரணம், ஒழுகலில் போவது கூலன்ட் மட்டுமில்லை, அழுத்தமும்தான்.

கடல் மட்டத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். போடியிலிருந்து பூப்பாறை போகும் வழியில் இருக்கும் போடிமெட்டு ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். அங்கே 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். கார் இஞ்சின் வழக்கமாக ஓடும் சூடே 85, 90, சில சமயம் 100 வரை. ரேடியேட்டர் மூடி ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்துவைப்பதால்தான் உள்ளே இருக்கும் திரவம் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. ஊசித்துளை ஒன்று அந்த அழுத்தத்தை விட்டுவிட்டால் கூலன்ட் இருந்தும் பயனில்லை, கொதிக்கத் தொடங்கிவிடும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் செகண்ட் கியரில், நாலு பேரும் லக்கேஜுமாக ஏறும்போது இஞ்சினுக்கு முழு வேலை, முன்னாலிருந்து வரும் காற்றோ குறைவு. சமவெளியில் பிடித்து நின்ற ஸ்டாப் லீக் அடைப்பு பிய்த்துக்கொண்டு போவதும் இங்கேதான்.

அதனால் சமவெளியில் ஒரு வாரம் ஒழுகவில்லை என்பதை வைத்து மலைக்குக் குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

4. எந்தப் பாட்டில், என்ன விலை

பொதுவாக மூன்று வகை. முதல் வகையில் நார், தாவரத் தூள் போன்ற நுண்துகள்கள் இருக்கும். கூலன்ட்டோடு சுற்றிவந்து துளையில் போய்ச் சேர்ந்து அடைக்கும். இரண்டாவது வகை செம்பு, அலுமினியத் துகள் கலந்தது. மூன்றாவது சோடியம் சிலிகேட் கலந்தது. சூட்டில் கண்ணாடி போல இறுகும். ஹெட் கேஸ்கட்டுக்கு என்று விற்கப்படுபவற்றில் பல இந்த வகைதான். இவற்றில் சிலவற்றைக் கூலன்ட்டோடு கலந்தால் கூழாகிவிடும், கூலன்ட்டை முழுக்க வடித்து வெறும் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். லேபிளில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். படிக்காமல் ஊற்றாதீர்கள்.

ரேடியேட்டர் கசிவுக்கு முதல் வகை போதும். பிராண்டைப் பொறுத்து 200 ரூபாயிலிருந்து ஆயிரம் வரை. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள்: எத்தனை லிட்டர் கூலன்ட்டுக்கு இந்தப் பாட்டில், உங்கள் கூலன்ட் வகைக்குப் பொருந்துமா. சின்ன கார்களில் மொத்தக் கூலன்ட்டே நாலைந்து லிட்டர்தான். பத்து லிட்டருக்கான பாட்டிலை முழுக்கக் கவிழ்த்தால் மிச்சம் ஹீட்டர் கோரில் போய் உட்காரும்.

மஞ்சள் தூளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காத ஆளில்லை. லாரிக்காரர்கள் காலங்காலமாகப் போடுவதுதான். பழைய செம்பு ரேடியேட்டரில் குழாய் அகலம், தாங்கியது. இன்றைய அலுமினிய ரேடியேட்டரில் குழாய்கள் தட்டையாக, மிக ஒடுக்கமாக இருக்கும். நடுக்காட்டில் வேறு வழியே இல்லை என்றால் ஒரு ஸ்பூன். வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேண்டாம்.

ஸ்டாப் லீக் என்றாலே மோசம் என்று அடித்துச் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு. அதுவும் முழு உண்மையில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியே தன் காடிலாக் நார்த்ஸ்டார் இஞ்சின்களில் கூலன்ட்டோடு இப்படிப்பட்ட மாத்திரைகளைப் போடச் சொன்னது. சரியான இடத்தில், சரியான அளவில் என்பதுதான் விஷயம்.

5. ஊற்றும் முறை

இஞ்சின் கை வைக்கும் அளவுக்கு ஆறியிருக்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் கொதிநீர்தான் அடிக்கும். இதில் விளையாட்டு வேண்டாம். மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். துருநிறச் சேறோ எண்ணெய்ப் படலமோ இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் உள்ளே கழுவி ஃபிளஷ் செய்ய வேண்டும், அல்லது கோளாறு வேறு.

என் காரில் இதுதான் நடந்தது. விற்பதற்கு முன்பே ஏதோ ஒரு பட்டறையில் ஸ்டாப் லீக்கைத் தாராளமாக ஊற்றி அனுப்பியிருந்தார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றியபோது பழுப்புப் பசை கட்டியாக வந்தது, மார்கழிக் குளிரில் மூணாறு போனால் ஹீட்டர் சூடே தரவில்லை. பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் ரேடியேட்டர் மூடியின் அடிப்பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். மினுங்கும் தூளோ பசையோ ஒட்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம், இல்லை நடையைக் கட்டலாம்.

உள்ளே சுத்தமாக இருந்தால், ஊற்றப்போகும் அளவுக்குச் சமமான கூலன்ட்டை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். ரேடியேட்டரில் தனி மூடி உள்ள கார்களில் ரேடியேட்டருக்குள்ளேயே ஊற்ற வேண்டும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டியில் ஊற்றினால் அது அங்கேயே படிந்து கிடக்கும். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல், அழுத்த மூடி தொட்டியிலேயே உள்ள கார்களில் தொட்டியில்தான் ஊற்றியாக வேண்டும்.

மூடியை இறுக்கி, ஏ.சி.யை அணைத்து, லேபிள் வேறு மாதிரி சொல்லாவிட்டால் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இஞ்சினை ஓடவிடுங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை, கிட்டத்தட்ட 20 நிமிடம். பிறகு சமவெளியில் ஒரு பத்திருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ராத்திரி ஆறவிட்டு, காலையில் மட்டம் பார்த்து நிரப்புங்கள். நிரப்புவதற்குப் போர் தண்ணீர் வேண்டாம், அதில் உப்பு அதிகம். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும், அல்லது கலந்தே வரும் கூலன்ட். கூலன்ட்டின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நிறத்தை வைத்துக் கலக்காமல் ஓனர்ஸ் மேனுவலில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள்.

6. மலையில் சோதிப்பது

முதல் ஏற்றத்தைத் தனியாக, வெயில் தாழ்ந்தபின், மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் குறைவு, மேலே போய்ச் சேர்ந்தால் பட்டறை உண்டு. ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் வண்டியில் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும், கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்த நாளும் வேண்டாம். அந்தப் பக்கம் கடையும் பட்டறையும் மூடிக் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் சீசன் கூட்டத்தைச் சமாளிக்கப் போகிற வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிட்டு, குமுளிப் பாதையைத் திரும்பி வருகிறவர்களுக்கு என்று வைப்பார்கள். அந்த ஊர்ந்து போகும் வரிசையில் அரைகுறையாக அடைத்த ரேடியேட்டரோடு மாட்டிக்கொள்ளாதீர்கள்.

முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் முழுக்க வையுங்கள். காருக்குள் வெந்து போவீர்கள், ஆனால் இஞ்சின் பிழைக்கும். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் கூலன்ட் இருக்கிறது. ஓரங்கட்டிச் சும்மா ஓடவிட்டு ஃபேன் ஆற்றட்டும். குளிர்ந்த காற்று வந்தால் கூலன்ட் காலி, அந்த நொடியே இஞ்சினை அணையுங்கள். இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும், முள் சாதாரணமாகக் காட்டும். முள்ளை நம்பி ஓட்டியவர்கள் ஹெட்டை மாற்றியிருக்கிறார்கள்.

வளைவில் நிறுத்தாதீர்கள், கொஞ்சம் தாண்டி நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்தால் கிளம்பும்போது அதை எடுத்து ஓரம் போடுங்கள். பின்னால் பைக்கில் வருகிறவன் உயிர் அதில் இருக்கிறது. கொதிக்கும் இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். முக்கால் மணி நேரமாவது காத்திருங்கள்.

7. காகிதங்களும் இன்சூரன்ஸும்

வண்டியில் ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கும் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும். மலையில் சிக்னல் போய்விடும் என்பதால் முன்பே போனில் இறக்கி வையுங்கள். இன்சூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருக்கிறீர்களா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள் என்பதைப் பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள். போன் செய்யும்போது வளைவு எண்ணைச் சொன்னால் ரெக்கவரி வண்டி தேடாமல் வரும்.

சாதாரண பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது. பழுதான வண்டியைச் சரிசெய்யாமல் தொடர்ந்து ஓட்டி, அதனால் கூடுதலாகக் கெட்டால் அது உங்கள் பொறுப்பு என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும். ஹீட் ஏறிய வண்டியை “மேலே போய்ப் பார்த்துக்கலாம்” என்று ஓட்டுவதற்கு இதுதான் விலை.

ஆனால் கல் தெறித்து ரேடியேட்டர் ஓட்டையானால் அது விபத்துக் கணக்கு. அப்போது எதையும் ஊற்றாமல், கழற்றாமல் முதலில் போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லி, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்த்தபின் வேலை செய்யுங்கள். அதற்கும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள், நம் கையிலிருந்து போகும் கட்டாயக் கழிவு 1,500 சி.சி. வரை 1,000 ரூபாய், போதாததற்கு 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடும். ரேடியேட்டர் நாலாயிரம் என்றால் கைக்காசு போடுவதே லாபம். வாரன்டியில் இருக்கும் வண்டி என்றால் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள். கம்பெனி சர்வீஸுக்கு எடுத்துப் போங்கள். நீங்கள் ஊற்றியதைக் காட்டியே கிளைமை மறுக்க வாய்ப்புண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்தாலும் ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாகம், என்ன தேதி, எத்தனை கிலோமீட்டரில் என்று அதில் இருக்கட்டும்.

8. ஊற்றிய பிறகு

ஒழுகல் நின்றுவிட்டதென்றால் உங்களுக்குக் கொஞ்ச காலம் கிடைத்திருக்கிறது. அதற்குள் ரேடியேட்டர் மாற்றப் பணம் ஒதுக்குங்கள். சின்ன கார்களுக்குச் சுமார் 2,500 முதல் 6,000 ரூபாய், அரை நாள் வேலை. அதிகம் ஓடும் மாடல்களுக்குத் தேனியிலும் கட்டப்பனையிலும் பாகம் கிடைக்கும். மற்றவற்றுக்கு மதுரையிலிருந்தோ கோட்டயத்திலிருந்தோ வர வேண்டும், இரண்டு மூன்று நாள் கணக்கில் வையுங்கள். இதைத் தள்ளிப்போட்டு ஹெட் கேஸ்கட் வரை போனால் ஹெட்டை லேத்துக்கு அனுப்பி ஃபேஸ் அடித்து (மட்டமாகச் சீவி) வாங்க வேண்டும்: பெட்ரோல் வண்டிக்குப் பத்தாயிரத்துக்கு மேல், டீசலுக்கு அதைவிடக் கூடுதல், வண்டி நாலைந்து நாள் பட்டறையில்.

ஸ்டாப் லீக் ஊற்றியிருப்பதை அடுத்துக் கை வைக்கும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தால்தான் ஹீட்டர் கோரையும் சேர்த்து ஃபிளஷ் செய்வார். வடித்த கூலன்ட்டை ஓடையிலோ தோட்டத்திலோ கொட்ட விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் நக்கும், அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ரேடியேட்டரை மாற்றும் அன்றே தெர்மோஸ்டாட்டையும் மாற்றச் சொல்லுங்கள்; பெரும்பாலான சின்ன கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். பிறகு தனியாகச் செய்தால் புதிதாக ஊற்றிய கூலன்ட்டை மறுபடியும் வடிக்க வேண்டியிருக்கும்.